வெயிலுக்கு ஒரு வேலை கொடுப்போம்

சித்திரை பிறந்துவிட்டால் வெயிலைப் பகையாளியாகப் பேசத் தொடங்கிவிடுகிறோம். வெளியே அலையாதீர்கள், மோர் குடியுங்கள், குடை எடுத்துப் போங்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் அறிவுரை வருகிறது. அது தேவையான அறிவுரைதான். மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை காயும் அக்னி நட்சத்திர நாள்களில் உச்சிப் பொழுதில் சுற்றுவது யார் உடம்புக்கும் ஆகாது. ஆனால் இதே வெயிலுக்காகக் காத்திருந்த வீடுகளும் நம் ஊரில் இருந்தன, இன்னும் இருக்கின்றன. வற்றல் போட, வடகம் பிழிய, ஊறுகாய் ஊறப்போட, மிளகாயும் மல்லியும் காயவைத்து அரைத்துக்கொள்ள, புளியைக் கொட்டை நீக்கிப் பானையில் அடைக்க என ஆண்டு முழுவதற்குமான இருப்பைத் தேடிக்கொள்ள வேறு பருவம் வாய்க்காது. இன்று இந்த வேலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டி காலத்து நினைவாகப் பேசுகிறார்கள், அல்லது விடுமுறையில் பொழுது போக்க ஒரு வழியாகச் சொல்கிறார்கள். இரண்டுமே அவற்றின் மதிப்பைக் குறைத்துவிடுகின்றன. மலிந்து கிடக்கும் காலத்தில் எடுத்து, மலியாத காலத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு இதில் இருக்கிறது; ஒவ்வொரு படியிலும் சோதித்துத் தேறிய அறிவியல் இருக்கிறது. இந்தத் திறமையை நாம் கைவிடக் கூடாது. அதே சமயம், ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டிய பழைய ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவரவும் கூடாது.

மலிவும் பஞ்சமும்

இந்தக் கணக்கு நம் மழையிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. ஐப்பசி அடைமழையில் தோட்டத்தில் நீர் தேங்கும், காய் அழுகும், சந்தைக்கு வரத்து குறையும், விலை ஏறும். அந்த வாரங்களில் ஒரு கைப்பிடி சுண்டை வற்றலோ மணத்தக்காளி வற்றலோ இருந்தால் குழம்பு ஆகிவிடும்; தொட்டுக்கொள்ள ஒரு மோர் மிளகாயும் பொரித்த வடகமும் போதும். அதனால்தான் வற்றல் குழம்பு மழைக்காலத்தில் அவ்வளவு ருசிக்கிறது. அது கோடையின் மிச்சத்தை மழைக்கு எடுத்துப் போகும் ஏற்பாடு. இன்றைக்குக் குளிர்பதனக் கிடங்கும் நெடுஞ்சாலையும் இருக்கும்போது இந்த ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு அதை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அதே தக்காளி வரத்து மிகுந்த மாதங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதையும் பார்க்கிறோம். கிடங்குகளும் லாரிகளும் பெருகிய பிறகும் இந்த ஏற்ற இறக்கம் போகவில்லை. மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் ஐந்து கிலோ வாங்கித் தொக்காக வதக்கி வைக்கும் வீடு, தன் அளவில் ஒரு சிறு கிடங்காகிறது. விலை ஏறும்போது அந்த வீட்டுக்குக் கவலை கொஞ்சம் குறைவு. இப்படி நிறைய வீடுகள் செய்தால், கொட்டிப்போகும் விளைச்சலில் ஒரு பகுதிக்காவது வாங்குகிற ஆள் கிடைப்பார்.

இதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வெண்டைக்காயில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ வெண்டைக்காயை நறுக்கி, ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு வரும் வரை காயவைத்தால் 110 கிராம் அளவுக்கு வற்றல் கிடைக்கும். மீதி 890 கிராமும் ஆவியாகிப் போன தண்ணீர். அவ்வளவு தண்ணீரை ஆவியாக்க, கொஞ்சமும் வீணாகாமல் செய்தாலே 0.6 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். மின்சார உலர்த்தியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். நம் ஊர்க் கோடையில் மொட்டை மாடியின் ஒரு சதுர மீட்டர் மேல் ஒரு நாளில் விழும் வெயிலோ ஐந்தரை யூனிட்டுக்குக் குறையாது. பத்துக்குப் பத்தடி இடம் உள்ள மாடியில் ஒவ்வொரு நாளும் 50 யூனிட் அளவுக்கு வெப்பம் இலவசமாக இறங்கி, கான்கிரீட்டைச் சூடாக்கி, இரவில் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதில் ஒரு துளியைக் காயின் மேல் திருப்பிவிடுவதுதான் வற்றல் போடுவது. கூரையில் சூரியத் தகடு பொருத்துவதை எதிர்காலத் தொழில்நுட்பம் என்று பாராட்டும் நாம், அதே கூரையில் வேட்டி விரித்து வடகம் இடுவதைப் பழமை என்று ஒதுக்குவது பொருந்தாது.

ஜாடிக்குள் நடப்பது என்ன?

காய் கெடுவதற்குக் காரணம் அதில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். அதுவும் உப்பிலோ சர்க்கரையிலோ பிணைந்துவிடாமல் தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர். இந்தத் தாராளத்தை உணவு அறிவியலில் சுழியத்திலிருந்து ஒன்று வரையிலான ஓர் எண்ணால் அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. அது 0.91-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை, 0.8-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் நின்றுவிடுகின்றன; 0.6-க்குக் கீழே எதுவும் வளராது. வெயிலில் காயவைத்துத் தண்ணீரை வெளியேற்றினாலும், உப்பைச் சேர்த்துத் தண்ணீரைப் பிணைத்தாலும் இந்த எண் இறங்கும். புளிப்பு ஏறினால் கெடுக்கும் கிருமிகளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டு, பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்று, 1810-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டவர் நிக்கோலா அப்பேர். அந்த முறை ஏன் பலிக்கிறது என்று அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் வந்து விளக்க அரை நூற்றாண்டு ஆனது. காரணம் தெரிவதற்கு முன்பே கை கண்டுபிடித்த உண்மைகளில் அதுவும் ஒன்று. நம் வீட்டு ஜாடிகளிலும் அப்படிப்பட்ட உண்மைகள் நிறைய உண்டு.

மோர் மிளகாயை எடுத்துக்கொள்வோம். பச்சை மிளகாயைக் காம்பு ஒடிக்காமல் நடுவில் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைக்கிறார்கள். மறுநாள் காலையில் மிளகாயைப் பிழிந்தெடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வைக்கிறார்கள். மாலையில் அதே மோரில் திரும்பப் போடுகிறார்கள். மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறி, மிளகாய் வெளுத்துக் கலகலவென்று சத்தம் போடும் வரை இது தொடர்கிறது. இங்கே உப்பு ஒரு தடை, மோரின் புளிப்பு ஒரு தடை, வெயில் ஒரு தடை. தனித்தனியாக எதுவும் முழுதாகக் காப்பாற்றாது. மூன்றும் சேரும்போது எந்தக் கிருமியும் தாண்ட முடியாது. ஜெர்மன் உணவு அறிவியலாளர் லோதர் லைஸ்ட்னர் 1970-களில் இந்தக் கொள்கைக்குப் பெயர் சூட்டி, தடைகளை அடுக்கிப் பாதுகாக்கும் முறை என்று விளக்கினார். இன்றைய உணவுத் தொழிற்சாலைகள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. இதே கொள்கையை நம் மாடியில் ஒரு தாம்பாளத்தில் பார்க்கலாம்.

கூழ் வடகத்தில் வேறொரு நுணுக்கம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஊற்றி, ஊறின ஜவ்வரிசியும் அரைத்த பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். மாவின் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோலப் பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் அதுதான் பதம். அந்த நேரத்தில் மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வெடித்து ஒரே பசையாகியிருக்கும். வேகாத கூழை இட்டால் காய்ந்ததும் விரிசல் விட்டுப் பொடிந்துபோகும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்து, நனைத்துப் பிழிந்த வெள்ளை வேட்டியில் கரண்டியால் இடலாம், அச்சில் போட்டுப் பிழியலாம். மாலையில் மேல்பக்கம் காய்ந்திருக்கும். துணியைத் திருப்பிப் பின்புறத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் வடகம் உடையாமல் உரிந்து வரும். அடுத்த இரண்டு மூன்று நாள் தட்டில் வைத்துக் காயவைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடிகிறதா என்று பார்த்தே டப்பாவில் போடுவார்கள். அந்தச் சத்தம்தான் ஈரப்பதம் அளக்கும் கருவி. வடகத்துக்குள் மிச்சமிருக்கும் சொற்ப ஈரம், சூடான எண்ணெயில் விழுந்த நொடியில் நீராவியாகி விரிவதால்தான் அது மலர்ந்து பொரிகிறது. ஈரம் அதிகமிருந்தால் எண்ணெய் குடித்துச் சவசவக்கும். எண்ணெய் சூடேறாமல் இருந்தால் மலராது.

மாவடுவும் ஊறுகாயும் உப்பை நம்பி நிற்பவை. பிஞ்சு மாவடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல்லுப்பு, மிளகாய்த் தூள், கடுகுப் பொடி, மஞ்சள் தூள் சேர்த்து ஜாடியில் போட்டால், மூன்று நாள்களில் வடு சுருங்கித் தானாகவே தண்ணீர் விட்டிருக்கும். உப்பின் இழுப்பில் மாங்காய்க்குள் இருந்த நீர் வெளியே வருகிறது; நாம் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் உப்பு வரை ஏறும். தினமும் ஜாடியைக் குலுக்கச் சொல்வது, மேலே மிதக்கும் வடுவும் உப்புநீரில் நனைய வேண்டும் என்பதற்காக. ஈரக் கரண்டியை விடாதே என்று பெரியவர்கள் கண்டித்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் உப்பு நீர்த்து, பூஞ்சை காலூன்ற வழி பிறக்கும். பீங்கான் ஜாடியைத் தேடியதற்கும் காரணம் உண்டு: மாங்காய், எலுமிச்சையின் புளிப்பு பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மரபு கற்பித்ததோடு நின்றுவிடாமல் கூடுதல் கவனம் வேண்டும். ஊறுகாய்மேல் எண்ணெய் மிதக்கவிடுவது காற்றைத் தடுத்துப் பூஞ்சையை நிறுத்தும். ஆனால் காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய பாட்டுலிசக் கிருமி ஒன்று உண்டு. பிஎச் அளவு 4.6-க்குக் கீழே போகும் புளிப்பில் அது வளராது. மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே அந்தப் புளிப்பைத் தந்துவிடுகின்றன. பூண்டுக்கு அது கிடையாது. ஆகவே பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். வெறும் எண்ணெயில் பூண்டைப் போட்டு வாரக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது.

மாடித் தொட்டியிலிருந்து

காய் சந்தையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் கோடையில் மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வெயிலைவிடப் பயிரைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான். தக்காளி பூத்துக் குலுங்கும், பிஞ்சு பிடிக்காது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் மகரந்தம் வீரியம் இழந்து, பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. அதே வெயிலில் கொத்தவரையும் வெண்டையும் செழிக்கும். கொத்தவரை வறட்சி தாங்கும் பயிர். ராஜஸ்தானின் வறண்ட நிலங்களில்தான் நாட்டிலேயே அதிகமாக விளைகிறது. தண்டுக்கீரையும் அரைக்கீரையும் சேர்ந்த பேரினம், சோளத்தையும் கரும்பையும்போல வெப்பத்தில் ஒளிச்சேர்க்கையைத் திறமையாக நடத்தும் அமைப்பைப் பெற்றது. விதைத்த மூன்று நாலு வாரத்தில் முதல் பறிப்பு வந்துவிடும். பாகல், புடலை, வெள்ளரி மூன்றும் கொடிகளாகப் பந்தலேறி, மாடிக்கு நிழலும் தரும். மணத்தக்காளியை ஒரு தொட்டியில் வைத்துவிட்டால் கீரையும் தரும், வற்றலுக்குக் காயும் தரும். சுண்டைச் செடிக்குத் தரை கிடைத்தால் நல்லது. ஒரு முறை ஊன்றினால் ஆண்டுக்கணக்கில் காய்க்கும். அதன் வேர் வாடல் நோயைத் தாங்குவதால், கத்தரியை அதன்மேல் ஒட்டுக்கட்டி நாற்று தயாரிக்கிறார்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில் செடி வளர்ப்பது நியாயமா என்ற கேள்வி நேர்மையானது. நிறையத் தொட்டிகளை வைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவது நியாயமில்லைதான். ஆனால் பத்துத் தொட்டிகளுக்கு அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் பெரும்பங்கு போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதன்மேல் காய்ந்த இலைச் சருகால் இரண்டு அங்குல மூடாக்குப் போட்டால் மண்ணிலிருந்து ஆவியாவது வெகுவாகக் குறையும். தண்ணீரை விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ விட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஐம்பது சதவீத நிழல்வலையை, காலை பத்து மணி முதல் மாலை வரை நிழல் படும்படி கட்டினால் இளஞ்செடிகள் கருகாது. மாவுப்பூச்சி தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் படத் தெளித்தால் கட்டுப்படும். தோட்டத்தால் வீட்டுக்குத் தேவையான எல்லாக் காயும் கிடைத்துவிடாது. ஒரே வாரத்தில் மிகையாகக் காய்ப்பதை வற்றலாக்கி, இல்லாத வாரங்களுக்கு நீட்டிக்கலாம் என்பதுதான் அதன் பலம். தொட்டியும் தாம்பாளமும் ஒன்றுக்கொன்று துணை.

மறுப்புகளும் விடைகளும்

இத்தனை பாடு எதற்கு, கடையில் பாக்கெட் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது, ஏனெனில் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எல்லாவற்றையும் வீட்டில் செய்வது லாபமில்லை. அப்பளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உளுந்து மாவைப் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் சேர்த்து இடித்து, மெல்லிசாக ஒரே அளவில் தேய்ப்பது கைதேர்ந்தவர்களின் வேலை. இரண்டு பேர் உள்ள வீடு அதற்காக ஒரு நாளைச் செலவிடுவதைவிட, அந்தத் தொழிலில் வாழும் பெண்களிடம் வாங்குவது மேல். ஆனால் வெண்டை, கொத்தவரை, பாகல், மாங்காய் வற்றலுக்கு நறுக்கும் நேரம்தான் உழைப்பு. மீதியை வெயில் பார்த்துக்கொள்கிறது. நாம் பொறுக்கிய காய், நமக்குத் தெரிந்த எண்ணெய், நாம் போட்ட உப்பு என்ற நிச்சயம் பாக்கெட்டில் கிடைக்காது. ஒரு வீடு தன்னிடமுள்ள நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மூன்று நான்கு பொருள்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றை நன்றாகச் செய்வதுதான் அறிவுள்ள வழி.

உப்பைப் பற்றிய எச்சரிக்கையை இன்னும் பொறுப்போடு கேட்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாயைச் சோற்றுக்குச் சமமாகப் பிசைந்து சாப்பிட்டால் ஒரே வேளையில் அதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். இதற்காக ஊறுகாயில் உப்பைக் குறைப்பது ஆபத்தான தீர்வு, ஏனெனில் அங்கே உப்புதான் காவல்காரன். குறைக்க வேண்டியது நாம் எடுத்துக்கொள்ளும் அளவை. இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்த பழைய வழக்கத்தில் அந்த விவேகம் இருந்தது. ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவர் சொல்படி தவிர்ப்பதே நல்லது. வற்றலில் நிலைமை வேறு. அங்கே வறட்சியே காப்பாற்றுவதால், சுருக்கென்று காய்ந்த வெண்டை வற்றலுக்கும் கொத்தவரை வற்றலுக்கும் உப்பைப் பேருக்குப் போட்டால் போதும். பொரிப்பதற்குப் பதிலாகக் குழம்பில் வேகவிட்டால் எண்ணெயும் மிச்சம். வெயிலில் உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வற்றல் பச்சைக் காய்க்கு மாற்றாகாது; காய் கிடைக்காத நாள்களில் நார்ச்சத்தையும் தாதுக்களையும் ருசியையும் காப்பாற்றிக்கொடுக்கிறது.

இடமும் தூசியும் நகரத்துக்காரர்களின் கவலை. நெடுஞ்சாலை ஓரத்து மாடியில் திறந்தபடி காயவைப்பது நல்லதில்லை. மரச் சட்டத்தில் கொசுவலை அடித்த மூடி ஒன்று காக்கை, அணில், ஈ, சருகு எல்லாவற்றையும் நிறுத்தும். நுண்ணிய புகைத்தூசிக்கு மேலே கண்ணாடியோ தடித்த பாலித்தீனோ மூடிய பெட்டி வேண்டும். கீழும் மேலும் துளை வைத்து, உள்ளே கறுப்புத் தகடு விரித்தால் வெளியைவிடப் பத்து இருபது டிகிரி அதிகம் சூடேறும். ஈரக்காற்று மேல் துளை வழியே போய்விடும். துளையில்லாத பெட்டியில் காய் வெந்து புழுங்கும், உலராது. கடலோர ஊர்களில் பிற்பகலுக்குமேல் ஈரமான கடற்காற்று வீசும் என்பதால் காலை வெயிலை முழுதாகப் பயன்படுத்திவிட்டு, பொழுது சாய்வதற்கு முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பகலெல்லாம் போன ஈரம் இரவில் திரும்பிவிடும். மாடி கிடைக்காத அடுக்குமாடிக் குடியிருப்பில் வெயில் விழும் பால்கனியில் ஒரே ஒரு தட்டு வைக்கலாம். அங்கே வற்றலைவிட ஜாடியில் ஊறும் வகைகளே எளிது.

மிக வலுவான மறுப்பு வேறொன்று. கோடை வேலைகளின் புகழ்ச்சியெல்லாம் பெண்களின் உழைப்பின் மேல் கட்டப்பட்டது. விடியலில் கூழ் கிண்டி, மொட்டை மாடி வெயிலில் முதுகு வளைத்து, காக்கை விரட்டி, மாலையில் அள்ளி, இரவில் சமைத்த ஒருத்தியைக் களைப்பாக்கித்தான் வீட்டின் டப்பாக்கள் நிரம்பின. இந்தக் குற்றச்சாட்டு உண்மை. அதற்கு விடை தேட, வற்றலைப் போலவே பிற்பகல் வேளைகளில் பெண்கள் கையில் நடந்த பின்னல் வேலையின் வரலாறு உதவும். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் லேஸ் பின்னலைச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மதபோதகர் கால்டுவெல்லின் மனைவியாகி, இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனார். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த அந்தக் காலத்தில், பின்னலில் கிடைத்த கூலியைக் கொண்டு விடுதலை பெற்ற பெண்கள் உண்டு. கை வேலைக்குக் கூலி கைக்கே வந்தபோது அது வாழ்க்கையை மாற்றியது. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் இதே லேஸ் பின்னல் வேறு விதமாகப் போனது. சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், உலகச் சந்தைக்காக நாள் முழுதும் பின்னிய பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் குடும்பப் பெண்களாகவே கருதப்பட்டார்கள் என்றும், அதனால் அவர்கள் உழைப்பு கணக்கிலேயே வராமல் லாபம் வியாபாரிகளுக்குப் போனது என்றும் காட்டினார். ஒரே ஊசி, ஒரே நூல். வேலைக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்ததும் கூலி சுருங்கியது.

மும்பை கிர்காமில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் தேய்க்கத் தொடங்கி, லிஜ்ஜத் என்ற பெயரில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குதாரர்களாக உள்ள அமைப்பாக வளர்ந்ததும் இதே பாடத்தைச் சொல்கிறது. அப்பளம் தேய்ப்பது அதற்கு முன்பும் வீடுகளில் நடந்ததுதான். உழைப்பவர்களே உடைமையாளர்களாக இருந்ததுதான் மாற்றம். ஆகவே பெண்களின் உழைப்பு சுரண்டப்பட்டது என்பதற்காக வேலையையே விட்டுவிட வேண்டியதில்லை; உழைப்பைப் பகிரவும் மதிப்பைக் கணக்கிடவும் வேண்டும். வீட்டுக்குள் என்றால் காய் நறுக்குவதும், கூழ் கிண்டுவதும், தாம்பாளத்தை மாடிக்கு ஏற்றி இறக்குவதும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிடப்பட்ட வேலைகளாக வேண்டும். கொதிக்கும் கூழை அரை மணி நேரம் கிண்டக் கைவலுதான் வேண்டும். அதற்கு ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது. கோடை விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஈரம், உப்பு, புளிப்பு, வெப்பம் பற்றி இதைவிட நேரடியான பாடமும் இல்லை. வீட்டுக்கு வெளியே விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய்து, தங்கள் நேரத்துக்கும் சேர்த்து விலை வைக்க வேண்டும். தெரிந்தவர்கள்தானே என்று காயின் விலைக்கே வடகத்தைக் கொடுத்துவிடும் பழக்கம், நரசாபுரத்தில் நடந்ததையே சின்ன அளவில் திரும்பச் செய்வதாகும்.

அவசரமும் இருக்கிறது. இந்த அறிவின் பெரும்பகுதி கண்ணளவிலும் கைப்பக்குவத்திலும் வாழ்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது செய்த பெரிய காரியம், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இளம் குடும்பங்களும் பின்பற்றும்படி அளவோடும் படிப்படியாகவும் எழுதியதுதான். அந்தப் பணி முடிந்துவிடவில்லை. கரிசல் காட்டு மிதுக்கு வற்றலும் அதலைக்காய் வற்றலும், ஒவ்வொரு ஊரின் தாளிப்பு வடகமும் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் உப்பை எடை போட்டு, நாளைக் குறித்து, பதத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளும் வேலையை இந்தத் தலைமுறை செய்யாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பாக்கெட்டின் மேலட்டை மட்டும்தான் மிஞ்சும். கோடைகள் இனி தணியப்போவதில்லை. வெப்பம் ஏற ஏறக் காய்கறி விளைச்சலும் விலையும் இன்னும் நிலையற்றுப் போகும். அந்தக் காலத்துக்கு வெயிலிடமிருந்து ஒளிந்துகொள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது, அதனிடம் வேலை வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கோடையில் ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு வற்றலையோ ஒரே ஒரு ஊறுகாயையோ தேர்ந்து, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்து, செய்முறையை எழுதி வைத்தால் போதும். தொடங்குவதற்கு ஒரு கிலோ கொத்தவரங்காயும் மூன்று நாள் வெயிலும் தாராளம்.